விமானியின் மனக்கணக்கு

விமானம் ஒன்று பத்தாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. விமானியின் முன்னால் உள்ள வேகமானியின் முள் 100 என்ற எண்ணில் நிற்கிறது. அப்படியானால் விமானத்தின் வேகம் என்ன? "மணிக்கு 100 கடல் மைல்" என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். கருவியில் பழுது ஏதுமில்லை. முள்ளும் நடுங்காமல் நிற்கிறது. ஆயினும் உங்கள் விடை தவறு! அந்த விமானம் காற்றினூடே மணிக்கு 116 கடல் மைல் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது.

16 கடல் மைல் என்பது சிறு பிழைதானே என்று தோன்றலாம். மூன்று மணி நேரம் பறந்தால் அது 48 கடல் மைலாகிவிடும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் ஆகையால், பிழை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நடுக்கடலில் ஒரு சிறு தீவைத் தேடிச் செல்லும் விமானிக்கு இது வாழ்வா சாவா என்னும் கேள்வி. பழுதில்லாத கருவி ஏன் தவறான எண்ணைக் காட்டுகிறது? அதைத் திருத்த விமானிகள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள்? இதன் வரலாறு விமானம் பிறப்பதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் ஆற்றங்கரையில் தொடங்குகிறது.

ஆற்றில் பிறந்த கருவி

1732ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி பிட்டோ, பாரிஸ் நகரின் ஊடே ஓடும் சேன் ஆற்றின் வேகத்தை அளக்க எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். இரண்டு குழாய்கள்; ஒன்று நேரானது, மற்றொன்றின் அடிமுனை வளைந்தது. வளைந்த முனையை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பி ஆற்றில் அமிழ்த்தினார். பாய்ந்துவரும் நீர் குழாய்க்குள் புகுந்து முட்டி நின்றது. அதனால் வளைந்த குழாயில் நீர்மட்டம் நேர்குழாயில் இருந்ததைவிட உயர்ந்தது. அந்த உயர வேறுபாடே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிட்டது. ஆழம் செல்லச் செல்ல ஆற்றின் வேகம் மிகும் என்று அக்காலத்தில் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை தவறு என்று இக்கருவி காட்டியது.

இன்று நீங்கள் விமான நிலையத்தில் எந்த விமானத்தையும் கூர்ந்து பாருங்கள். மூக்கின் பக்கத்திலோ இறக்கையின் அடியிலோ முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் தெரியும். அது பிட்டோ குழாய்தான். ஆற்றுநீருக்குப் பதிலாகக் காற்று அதன் வாயில் வந்து முட்டுகிறது. விமானத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள், சுற்றிலுமுள்ள காற்றின் அமைதி அழுத்தத்தைத் தருகின்றன. வேகமானிக்குள் மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று உண்டு. அதன் உள்ளே மோதும் காற்றின் அழுத்தம். வெளியே அமைதி அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்பச் சிமிழ் விரிகிறது; முள் நகர்கிறது.

மூன்று வேகங்கள்

தொடக்ககால விமானிகளுக்கு இத்தகைய கருவி இல்லை. 1903 டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, காற்றுமானி ஒன்றும், நிறுத்து கடிகாரமும், எந்திரத்தின் சுழற்சியை எண்ணும் கருவியும் விமானத்தில் இருந்தன. முதற் பறத்தலில் விமானம் 12 விநாடியில் 120 அடி சென்றது. கணக்கிட்டுப் பாருங்கள்; விநாடிக்கு 10 அடி, அதாவது மணிக்கு 7 மைலுக்கும் குறைவு. மனிதன் ஓடினாலே இதை முந்திவிடலாம்! அந்த வேகத்தில் விமானம் எப்படி மேலே நின்றது? எதிரே மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. தரையைப் பொறுத்த வேகம் சிறிதாயினும், காற்றைப் பொறுத்த வேகம் போதுமானதாக இருந்தது.

ஆக, விமானத்திற்கு வேகம் ஒன்றல்ல. கருவியின் முள் சொல்வது 'காட்டும் வேகம்'. காற்றினூடே விமானம் உண்மையில் செல்வது 'மெய் வேகம்'. இதனுடன் காற்று வீசும் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ பெறுவது 'தரை வேகம்'. மணிக்கு ஒரு கடல் மைல் என்னும் வேகத்தை மாலுமிகளும் விமானிகளும் ஒரு 'நாட்' என்பர். நாமும் இனி அச்சொல்லையே பயன்படுத்துவோம்.

முள் ஏன் குறைத்துச் சொல்கிறது?

மோதும் காற்றின் அழுத்தம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று காற்றின் அடர்த்தி. மற்றொன்று வேகத்தின் இருமடி. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அடர்த்தி பாதியானால் அழுத்தமும் பாதியாகும். ஆனால் கருவி அளப்பது அழுத்தத்தை மட்டுமே. அடர்த்தி இன்னதென்று அதற்குத் தெரியாது. ஆகவே கருவியைச் செய்தவர்கள், கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றுக்குள்ள அடர்த்தியை, அதாவது கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்பதைக் கொண்டு, முகப்பில் எண்களைக் குறித்துவிட்டனர்.

மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஏறத்தாழ 22,000 அடியில் அடர்த்தி பாதியாகிவிடுகிறது. 40,000 அடியில் கால்பங்காகிவிடுகிறது. மெலிந்த காற்றில் அதே அழுத்தத்தை உண்டாக்க விமானம் இன்னும் விரைவாகச் செல்லவேண்டும். எனவே மெய் வேகத்தைப் பெற, காட்டும் வேகத்தை அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். கால்பங்கின் வர்க்கமூலம் அரை. ஆதலால் 40,000 அடியில் மெய் வேகம் காட்டும் வேகத்தைப்போல் இரு மடங்கு!

"அப்படியானால் கருவியையே திருத்திவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இயற்கையின் ஒரு வசதி இருக்கிறது. இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையும் இதே அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. குறிப்பிட்ட எடையுள்ள விமானம் எந்த வேகத்திற்குக் கீழே போனால் தாங்கும் விசையை இழக்குமோ, அந்தக் காட்டும் வேகம் தாழ்ந்த உயரத்திலும் மிகுந்த உயரத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விழாமல் பறப்பதற்கு விமானி பார்க்கவேண்டியது திருத்தப்படாத முள்ளைத்தான். இறக்கைக்கு வேண்டியது காட்டும் வேகம்; வரைபடத்திற்கு வேண்டியது மெய் வேகம். இரண்டும் தேவை என்பதால்தான் கணக்கும் தேவையாயிற்று.

டால்டனின் வட்டு

விமானங்கள் தாழப் பறந்த காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. 1930களில் அவை உயரே செல்லத் தொடங்கின. 1940இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 307 விமானம், உள்ளே காற்றழுத்தம் காக்கப்பட்டதால் 20,000 அடியில் பறக்க வல்லதாயிற்று. அந்த உயரத்தில் மெய் வேகம் காட்டும் வேகத்தைவிட 37 விழுக்காடு மிகுதி. இதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் பறந்துகொண்டே வர்க்கமூலம் காண்பது யாரால் இயலும்?

இதற்கு ஒரு வழி கண்டவர் அமெரிக்கக் கடற்படையின் சேமப்பிரிவு விமானி பிலிப் டால்டன். 1933இல் அவர் ஒரு வட்ட நழுவுகோலை வடிவமைத்தார். மடக்கை அளவுகள் பொறித்த இரு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சுழலும். மடக்கைகளைக் கூட்டினால் பெருக்கல் ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வட்டைத் திருப்புவதே அந்தக் கூட்டல். ஒரு சிறு சாளரத்தில் உயரத்திற்கு நேரே வெப்பநிலையைப் பொருத்திவிட்டால் போதும். உள்வட்டில் காட்டும் வேகத்தைப் பார்த்து, அதற்கு நேரே வெளிவட்டில் மெய் வேகத்தைப் படித்துக்கொள்ளலாம். பின்புறத்தில் காற்றுத்திசைக் கணக்குகளுக்கான நழுவு அட்டையைச் சேர்த்து, அமெரிக்கத் தரைப்படையின் விமானப்பிரிவு இதற்கு 'ஈ-6பி' என்று பெயரிட்டது. டால்டன் 1941இல், மாணவர் ஒருவருக்குச் சுழல்வீழ்ச்சிப் பயிற்சி அளித்தபோது விமான விபத்தில் இறந்தார். அவருடைய வட்டு இரண்டாம் உலகப்போர் முழுவதும் பயன்பட்டது. பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் மாணவர் கையில் காணலாம்.

ஒற்றை விமானியின் தேவை

வட்டைத் திருப்ப இரண்டு கைகள் வேண்டும்; பார்க்கக் கண் வேண்டும். பெரிய விமானத்தில் வழிகாட்டுவதற்கென்றே ஒருவர் அமர்ந்திருப்பார். தனியாகப் பறப்பவர் என்ன செய்வார்?

பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1931இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, டாஸ்மன் கடலின்மேல் தன்னந்தனியாகப் பறந்தார். அவருடைய 'ஜிப்சி மாத்' விமானம் சிறியது. முழுத் தொலைவுக்கும் எரிபொருள் கொள்ளாது. ஆகவே நார்போக் தீவிலும் லார்டு ஹவ் தீவிலும் இறங்கிச் செல்லவேண்டியிருந்தது. நார்போக் தீவின் பரப்பு சுமார் 35 சதுரக் கிலோமீட்டர்தான். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து 700 கிலோமீட்டருக்கு அப்பால், நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு புள்ளி! தீவைத் தவறவிட்டால் திரும்பிச் செல்ல எரிபொருள் இல்லை.

சிச்செஸ்டர் தீவை நோக்கி நேராகச் செல்லவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். சூரியனின் உயரத்தைக் கோணமானியால் அளந்து, தீவின் ஊடாகச் செல்லும் ஒரு கற்பனைக் கோட்டை எட்டிவிட்டோம் என்று அறிந்ததும், தீவு இருக்கும் பக்கமாகத் திரும்பினார். நேராகச் சென்று தீவு தென்படாவிட்டால் இடப்பக்கம் தேடுவதா, வலப்பக்கம் தேடுவதா என்று தெரியாது. விலகிச் சென்றதால் அந்த ஐயம் எழவேயில்லை. தெரியாத பிழையைவிடத் தெரிந்த பிழை நல்லது! இக்கருத்தை மனத்தில் வையுங்கள். மனக்கணக்குக்கும் அடிப்படை இதுவே.

இரண்டாம் உலகப்போரில் சிச்செஸ்டர் பிரிட்டிஷ் விமானப்படையில் வழிகாட்டும் கலையைக் கற்பித்தார். ஒற்றையாகச் செல்லும் போர்விமானிகள் முழங்காலில் கட்டிய சிறு பலகையையும் தம் மூளையையும் மட்டுமே நம்பி ஐரோப்பாவைக் கடந்து திரும்புவதற்கான வழிமுறைகளை எழுதினார்.

ஆயிரம் அடிக்கு இரண்டு விழுக்காடு

மெய் வேகத்தை மனத்தால் காண்பதற்கு விமானிகள் கற்கும் விதி மிக எளிது: ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்திற்கும் காட்டும் வேகத்துடன் இரண்டு விழுக்காடு கூட்டுக. 8,500 அடியில் முள் 140 நாட் காட்டுகிறது என்போம். 8.5-இன் இரு மடங்கு 17. நூற்றுக்கு 10 வீதம் 14. நூற்றுக்கு 7 வீதம் ஏறக்குறைய 10. ஆகக் கூட்டவேண்டியது 24. மெய் வேகம் 164 நாட். வட்டைச் சுழற்றிப் பார்த்தால் 159 வரும். மூன்று விழுக்காட்டுப் பிழை. ஆனால் விடை ஐந்து விநாடியில் கிடைத்துவிட்டது.

இந்த இரண்டு எங்கிருந்து வந்தது? தரைக்கு அருகே ஆயிரம் அடிக்கு அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறைகிறது. வர்க்கமூலம் எடுக்கும்போது சிறு மாற்றங்கள் பாதியாகும். எனவே ஒன்றரை விழுக்காடு என்றல்லவா விதி இருக்கவேண்டும்? தரையருகே அதுவே சரி. ஆனால் உயரத்திற்கும் மெய் வேகத்திற்கும் வரைபடம் வரைந்தால் அது நேர்கோடாக வராது, மேல்நோக்கி வளையும். ஒன்றரை என்பது அந்த வளைகோட்டின் தொடக்கத்தில் வரைந்த தொடுகோடு. இரண்டு என்பது வளைகோட்டை இரு இடங்களில் வெட்டும் நாண். திட்ட வளிமண்டலத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

5,000 அடி: மெய்யான உயர்வு 8 விழுக்காடு, விதிப்படி 10.
10,000 அடி: மெய்யானது 16, விதிப்படி 20.
15,000 அடி: மெய்யானது 26, விதிப்படி 30.
20,000 அடி: மெய்யானது 37, விதிப்படி 40.
25,000 அடி: மெய்யானது 49, விதிப்படி 50.
30,000 அடி: மெய்யானது 63, விதிப்படி 60.
35,000 அடி: மெய்யானது 80, விதிப்படி 70.

26,000 அடி அளவில் இரண்டும் ஒன்றாகின்றன. அதற்குக் கீழே விதி சற்றுக் கூட்டிச் சொல்லும். மேலே குறைத்துச் சொல்லும். எப்பக்கம் பிழை என்று முன்பே தெரிவதால் விமானி ஏமாறுவதில்லை. தாழ்ந்த உயரத்தில், "கணக்கு சொல்வதைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் சேருவோம்" என்று எரிபொருளை மிச்சம் வைத்துக்கொள்வார்.

வெப்பநிலைக்கும் ஒரு துணைவிதி உண்டு. திட்ட வெப்பநிலை தரையில் 15 டிகிரி. ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். ஆக 10,000 அடியில் அது சுழிக்குக் கீழ் 5 டிகிரி. உண்மை வெப்பநிலை இதைவிட ஒவ்வொரு 5 டிகிரி மிகுந்தாலும் ஒரு விழுக்காடு கூட்டுக, குறைந்தால் கழிக்க. வெப்பக்காற்று விரிந்து மெலிந்திருப்பதே இதற்குக் காரணம்.

இருநூற்றைம்பதின் விந்தை

பெரிய விமானங்களின் விமானிகள் இதைவிடச் சுருக்கமான விதி ஒன்றைச் சொல்வார்கள். உயரத்தை நூறு அடிகளில் கூறுவது அவர்கள் வழக்கம். 35,000 அடி என்பது 350. அதில் பாதியைக் காட்டும் வேகத்துடன் கூட்டினால் மெய் வேகம்! காட்டும் வேகம் 250 நாட் என்றால், 250-உடன் 175 சேர்ந்து 425 நாட்.

இது புதிய விதியல்ல. பழைய இரண்டு விழுக்காட்டு விதியேதான். 250-இல் இரண்டு விழுக்காடு 5. ஆயிரம் அடிக்கு 5 என்பது நூறு அடிக்கு அரை. ஆகவே 250 நாட் அளவில் மட்டுமே இச்சுருக்கவழி பொருந்தும். 100 நாட் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்திற்கு இதைப் பயன்படுத்தினால் விடை கெட்டுவிடும். விதியின் எல்லையை அறியாமல் விதியை மட்டும் அறிந்திருப்பது ஆபத்து.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மேலே தந்த ஒப்பீட்டின்படி 35,000 அடியில் 80 விழுக்காடு கூட்டவேண்டும். அதாவது 450 நாட் வரவேண்டும். ஆனால் துல்லியமாகக் கணக்கிட்டால் வருவது 427 நாட்தான். அந்த வேகத்தில் பிட்டோ குழாயின் வாயில் காற்று முட்டி நிற்பதோடு அமுங்கவும் செய்கிறது. அதனால் கருவி சற்று மிகுத்துக் காட்டுகிறது. விதி சொன்ன 425 ஏறக்குறைய சரியாகிவிட்டது! நேர்கோட்டால் வந்த பிழையும் காற்றின் அமுக்கத்தை விட்டுவிட்டதால் வந்த பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன.

1952இல் 'காமெட்' ஜெட் விமானம் பயணிகளுடன் பறக்கத் தொடங்கிய பின் 35,000 அடி உயரம் வழக்கமாயிற்று. அவ்வுயரத்தில் விமானிகள் நாட் கணக்கைவிட மாக் எண்ணையே நம்புகின்றனர். மாக் எண் என்பது ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது. ஒலியின் வேகம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. அவ்வுயரத்தில் அது 575 நாட் அளவு. அதை 600 என்று வைத்துக்கொண்டால் நிமிடத்திற்குப் பத்துக் கடல் மைல். எனவே மாக் 0.8 என்றால் நிமிடத்திற்கு எட்டுக் கடல் மைல். பெருக்கலே வேண்டாம்; புள்ளியை நகர்த்தினால் போதும்! இதுவும் நூற்றுக்கு நான்கு அளவு கூட்டித்தான் சொல்லும்.

காற்று கெடுத்த கணக்கு

மெய் வேகம் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1947 ஆகஸ்ட் 2ஆம் நாள் 'ஸ்டார் டஸ்ட்' என்னும் லங்காஸ்ட்ரியன் விமானம் 11 பேருடன் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குப் புறப்பட்டது. இடையே ஆண்டிஸ் மலைத்தொடர். மலையை மேகம் மூடியிருந்ததால், 24,000 அடி உயரத்தில் கணக்கை மட்டுமே நம்பிப் பறந்தனர். சாண்டியாகோவில் இறங்கப் போவதாகச் செய்தியும் அனுப்பினர். விமானம் வந்து சேரவேயில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1998இல், துபுன்காதோ மலையின் பனிப்பாறையில் மலையேறிகள் எந்திரத்தின் பகுதிகளைக் கண்டனர். 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாப் படையினர் மற்றப் பகுதிகளையும் கண்டெடுத்தனர். நடந்தது என்ன? மிகுந்த உயரத்தில் ஆறுபோல் விரைந்தோடும் காற்று, எதிர்த்திசையில் வீசியிருக்கவேண்டும். அத்தகைய காற்றோட்டங்களைப் பற்றி அன்று மிகச் சிறிதே அறிந்திருந்தனர். மெய் வேகம் எவ்வளவாயினும் தரை வேகம் குறைந்துவிட்டது. மலையைக் கடந்துவிட்டோம் என்று எண்ணி இறங்கத் தொடங்கியவர்கள் மலைக்கு இப்பாலேயே இருந்தனர். மனக்கணக்கு எவ்வளவு திறமையாக இருந்தாலும், அதில் இடப்படும் எண்கள் சரியாக இருந்தாலன்றிப் பயன் தராது.

இன்று எதற்கு?

இன்று விமானத்தில் உள்ள கணிப்பொறி, அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் கொண்டு மெய் வேகத்தைக் கணப்பொழுதில் தந்துவிடுகிறது. தரை வேகத்தைச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். செயற்கைக்கோள் காற்றை அறியாது. காற்றைப் பொறுத்த வேகத்தை அதனால் அளக்க இயலாது. அதற்கு இன்றும் அந்தச் சிறு குழாய்தான் வேண்டும்.

2009 ஜூன் 1ஆம் நாள், ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பிட்டோ குழாய்களைச் சிறிது நேரம் பனிப்படிகம் அடைத்தது. வேகமானிகள் ஒன்றுக்கொன்று முரணான எண்களைக் காட்டின. தானே ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. குழாய்கள் விரைவில் தெளிந்துவிட்டன. ஆயினும் குழப்பத்தில் விமானத்தின் மூக்கு தொடர்ந்து உயர்த்தப்பட்டு, இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. 228 பேர் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் என்ன செய்யவேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது: மூக்கு இத்தனை டிகிரி, எந்திர விசை இவ்வளவு என்றால் வேகம் இவ்வளவாகத்தான் இருக்கும் என்ற எண்களை நினைவில் வைத்துக்கொண்டு பறக்கவேண்டும். மனக்கணக்கின் உண்மைப் பயன் இதுவே. கருவிக்குப் பதிலாக நிற்பது அதன் வேலையன்று. கருவி காட்டுவது நம்பத்தக்கதா என்று சொல்வதே அதன் வேலை. விடை எவ்வளவு இருக்கும் என்று முன்னரே அறிந்தவருக்குத்தான் தவறான விடை கண்ணில் படும்.

நீங்கள் விமானி ஆகாமற் போகலாம். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கணிப்பானைத் தட்டுமுன் விடை பத்தா, நூறா, ஆயிரமா என்று ஒருமுறை மனத்தில் மதிப்பிட்டுப் பாருங்கள். இதோ, தொடங்குவதற்கு ஒரு கணக்கு: உயரம் 12,000 அடி, முள் காட்டுவது 150 நாட், வெளியே வெப்பநிலை 1 டிகிரி. மெய் வேகம் என்ன? உயரத்திற்கு 24 விழுக்காடு, அதாவது 36, ஆக 186. அவ்வுயரத்தின் திட்ட வெப்பநிலை சுழிக்குக் கீழ் 9 டிகிரி. வெளியே 10 டிகிரி மிகுதி. அதற்காக இரண்டு விழுக்காடு கூட்ட, ஏறக்குறைய 190 நாட். துல்லியமான விடை 184. விதி எந்தப் பக்கம் பிழை செய்யும் என்று நீங்கள் முன்னரே அறிவீர்கள் அல்லவா?